பூச்சும் மெருகும்

முகத்துவாரத்தில், களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தை அண்டி வாழ்வோர்க்கு வர்ணம் பூசுதல் அழகை மட்டும் கருதிய தொழிலன்று. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஈரம் மரத்தை ஊதச் செய்யும். ஆதலின் படகுக்கும் கதவுக்கும் சாளரத்துக்கும் மீண்டும் மீண்டும் வர்ணம் பூசுகின்றனர். இங்கே பூச்சு என்பது காப்பு. எனினும், எல்லாப் பொருளுக்கும் ஒரே காப்புப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

இதனை எழுப்பியவர் என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர். சிலாபத்துத் தென்னந்தோட்டத்தில் அவர்தம் பாட்டனார் கைக்கொண்டிருந்த பழைய வேட்டைத் துவக்கு, உரிய உரிமத்தோடு அவரை வந்தடைந்திருந்தது. அதன் மரக்கட்டை நிறம் மங்கிக் கீறல் விழுந்து கிடந்தது. “ஐயா, ஸ்பிறே பெயின்ற் ரின் இரண்டு வாங்கிக் கறுப்பாக அடித்துவிட்டால் புதிதுபோல் ஆகிவிடாதா?” என்றார். இலக்கணம் கற்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினாவோ இது என நகைத்தேன். ஆயினும், சிந்திக்கச் சிந்திக்க அதனுள் ஒரு சொல்லாராய்ச்சி அடங்கியிருத்தல் புலனாயிற்று.

துவக்கு, துப்பாக்கி என்னும் இரு சொற்களும் துருக்கியச் சொல்லின் வழிவந்தவை. கருவியோடு பெயரும் கடல் கடந்து வந்தது. ஆனால் பூச்சு, மெருகு என்பன நம்முடையவை, அவை ஒன்றல்ல. பூச்சு மேலே படிவது. மெருகு பொருளின் இயல்பை வெளிக்கொணர்வது. பூச்சு மறைக்கும், மெருகு காட்டும்.

பழைய ஆங்கிலேய வேட்டைத் துவக்குகளின் கட்டை பெரும்பாலும் அக்ரூட் மரத்தால் ஆனது. ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தேய்த்து அதற்கு மெருகேற்றினர். எண்ணெய் மரத்தின் நுண்துளைகளுட் புகுந்து, காற்றிலுள்ள உயிர்வாயுவோடு கூடி இறுகும். மரத்தின் வரிகள் ஒளிபெறும். கீறல் விழுமாயின், விழுந்த இடத்தில் மட்டும் மீண்டும் எண்ணெய் தேய்த்தாற் போதும். வர்ணமோ மேலே ஒரு தோலாய் நிற்பது. அத்தோல் ஓரிடத்தில் உரியுமாயின், அவ்வழியே ஈரம் புகுந்து அயலிலும் பெயர்க்கும். எண்ணெய் ஊறிய மரத்தின்மேல் அது செவ்வனே பற்றுவதும் அரிது.

விசிறிப் பூசும் வர்ணத்தை இகழ்வது எம் கருத்தன்று. நோர்வே நாட்டு எரிக் ரொதைம் 1920களில் அழுத்தக் குப்பியை ஆக்கினார். அமெரிக்கராகிய எட்வர்ட் சீமோர் 1949இல் அதனுள் வர்ணத்தை அடைத்தார். அவருக்கு அவ்வெண்ணத்தை உரைத்தவர் மனைவியார் என்பர். எவ்வித வேலைப்பாடுமற்ற புதுக்கட்டைக்கு இவ்வர்ணம் தக்கதே. துவக்கில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்து, கட்டையை இரும்பினின்றும் கழற்றுதல் வேண்டும். எண்ணெய்ப் பசை நீக்கி, அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு இடல் வேண்டும். பின்னர் ஒரு சாண் தூரத்துக்கு மேலாகக் குப்பியைப் பிடித்து, மெல்லிய படைகளாகப் பலமுறை விசிறல் வேண்டும். மழைநாளில் விசிறினால் ஈரம் பட்டு வெண்புகை படிந்தாற்போல் வர்ணம் வெளுக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் இதனை மறத்தலாகாது. குப்பியிலுள்ள வாயு தீப்பற்றுவதாதலின் அடுப்பங்கரையை விட்டு விலகிக் காற்றோட்டமான இடத்தில் நிற்றல் நன்று. துவக்கின் எண் பொறித்த இடம் மறையாதிருத்தல் இன்றியமையாதது.

எனில், மரத்தின்மேல் நிறம் ஏற்றுவதே தவறோ? அன்று. மாத்தளைப் பகுதியின் அரக்கு வேலையே இதற்குச் சான்று. சிற்றுயிர் ஒன்று மரக்கிளைகளிற் சுரக்கும் அரக்கைச் சூடாக்கி, நிறங்கூட்டிப் பிசைந்து, நூலாக இழுத்து, இளஞ்சூட்டில் மரத்தின்மேற் பதித்து, நகத்தாற் கிள்ளிக் கோலம் இடுவர் அக்கைவினைஞர். ஈட்டிக் காம்பும் கொடிக்கம்பும் ஏட்டுச்சுவடியின் பலகையும் அவ்வாறு பொலிவுற்றன. கொழும்பிற் பிறந்த தமிழ்மகனாகிய ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இத்தொழிலையும் பதிந்துவைத்தார். ஈண்டு நிறம் மரத்தோடு வெம்மையால் ஒன்றுகின்றது. அவசரத்தால் அன்று, பொறுமையால்.

கண்டி அரசர் காலத்துக் கம்மியர் துவக்கின் கட்டையையும் கலைப்பொருளாக்கினர். தந்தமும் வெள்ளியும் பதித்து அணிசெய்தனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிய காலத்துப் பொருள்கள் என அறியப்பெற்றவற்றுள் ஆறு, ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட் சாலையிலிருந்து 2023 டிசம்பரில் கொழும்புக்கு மீண்டன. லெவ்கே திசாவையின் பீரங்கியோடு இரு துவக்குகளும் அவற்றுள் அடங்கும். அவற்றின்மேல் எவரேனும் கறுப்பு வர்ணம் பூசியிருப்பின், நாம் பெற்றிருப்பது யாது?

பாட்டனாரின் துவக்கு அரசர் துவக்கன்று என்பது உண்மை. ஆயினும், அவர் கன்னம் படிந்த இடத்தில் மரம் வழுவழுத்திருக்கும். கை பற்றிய இடத்தில் கருத்திருக்கும். அத்தேய்மானம் வேறெங்கும் எழுதப்படாத குடும்ப வரலாறு. அரத்தாள் கால்நாழிகையில் அதனை அழித்துவிடும். பின்னர் எவ்வர்ணத்தாலும் அதனை மீட்டல் இயலாது. ஆகவே அவ்விளைஞர்க்கு உரைத்ததனையே வாசகர்க்கும் உரைப்போம். முதலில் மெல்லிய துணியால் அழுக்கைத் துடையுங்கள். ஒரு மூலையில் ஒரு துளி எண்ணெய் தேய்த்துப் பாருங்கள். வரிகள் விழித்தெழுமாயின் வர்ணம் வேண்டா. எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதீர், அது தானே வெம்மையுற்றுத் தீப்பற்றும், விரித்துக் காயவிடுங்கள்.

புதுமை செய்ய விழைவோர் முதலில் அடியில் உள்ளது யாதெனக் காணல் வேண்டும். மறைக்கத்தக்கதாயின் பூசுக, காட்டத்தக்கதாயின் மெருகிடுக. கட்டைக்கு மட்டுமோ இவ்விதி? மொழிக்கும் மனிதர்க்கும் இஃதே பொருந்தும்.