பருந்துக் கொடி வீட்டுப் பிள்ளைக்கு எலியின் பெயர்

பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவல் 1965-ல் வெளிவந்தது. அதன் நாயகன் பால் அட்ரெய்டீஸ், பருந்தைச் சின்னமாகக் கொண்ட அரச குடும்பத்துப் பிள்ளை. தகப்பனைப் பறிகொடுத்து, தாயோடு பாலைவனத்துக்குள் தப்பி ஓடி, அங்கே வாழும் ஃபிரெமன் மக்களிடம் அடைக்கலம் புகுகிறான். தனக்கென ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளும்படி அவர்கள் சொல்ல, அவன் எடுத்துக்கொள்வது மணலில் தத்தித் திரியும் ஒரு சிற்றெலியின் பெயர்: முவாதிப். பருந்து அடித்துத் தின்னும் இரையின் பெயர்!

இதைப் பணிவின் அடையாளம் என்று பலரும் படிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொட்டுத் தண்ணீருக்கும் கணக்கு வைத்திருக்கும் ஃபிரெமன்கள் அந்த எலியை மதிப்பது, தனக்கு வேண்டிய தண்ணீரை அதுவே உண்டாக்கிக்கொள்வதால்தான். அவர்களுக்கு அது வாத்தியார்.

அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி நிஜமாகவே இதைச் செய்கிறது. க்னூட், போடில் ஷ்மிட்-நீல்சன் தம்பதியரின் ஆராய்ச்சியால் உலகம் இதை விளங்கிக்கொண்டது. குடிக்கத் தண்ணீரே இல்லாமல் உலர்ந்த விதையைத் தின்றே அது உயிர்வாழும். 100 கிராம் மாவுச்சத்து உடம்பில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது சுமார் 55 கிராம் தண்ணீர் பிறக்கிறது. நம் உடம்பிலும் இது நடக்கிறது. ஆனால் பிறந்ததை நாம் வியர்வையாகவும் மூச்சாகவும் விட்டுவிடுகிறோம். எலி விடாது. வெளியேறும் மூச்சு அதன் குளிர்ந்த மூக்கின் உட்சுவரில் பட்டு, ஈரத்தை அங்கேயே விட்டுச் செல்கிறது. சிறுநீரகமோ நம்முடையதைவிட நான்கு மடங்குக்கும் மேல் செறிவான சிறுநீரைப் பிரிக்கிறது. உப்பு வெளியே போகும், தண்ணீர் உள்ளே தங்கும். மூச்சையும் வியர்வையையும் பிடித்துத் திரும்பக் குடிக்கத் தரும் ஃபிரெமன் உடுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

திருப்பூருக்குத் தென்கிழக்கே காங்கேயம், மூலனூர்ப் பக்கம் போனால் கிளுவை வேலிபோட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் அந்த வறண்ட மண்ணில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும் பாலைவன ஜெர்பில் எலிகளுக்கு உறவு. வெயிலெல்லாம் வளைக்குள் கிடந்து, இருட்டிய பிறகு விதை பொறுக்க வரும்.

அதே மாவட்டத்தின் சாயப்பட்டறைகளும் எலி செய்வதைச் செய்யக் கட்டாயப்பட்டன. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறையக் கொட்டவேண்டும். அந்த உப்புத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை போனது. பாசன நிலங்கள் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு அவை மெல்லத் திறந்தது கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிபந்தனையோடு. இன்று சாயத்தண்ணீர் முதலில் ஆர்.ஓ. சவ்வுகளில் வடிகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலை எவாபரேட்டரில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். சவ்வு செய்வது சிறுநீரகத்தின் வேலை, ஆவியைக் குளிரவைப்பது மூக்கின் வேலை.

ஆனால் எலிக்கு இதற்கெல்லாம் ஒரு பிடி விதை போதும். இங்கே மின்சாரமும் விறகும் ஓயாமல் செலவாகின்றன. பிரித்த உப்பில் ஒரு பங்கு சாயத்துக்கே திரும்புகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்போ மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் சேர்கிறது. எலி கழிக்கும் துளி உப்பை மண் வாங்கிக்கொள்கிறது. இந்த மூட்டைகளை எந்த மண்ணிலும் கொட்ட முடியாது.