தடுத்து நிறுத்துவது வேறு, தடவிப் பார்ப்பது வேறு

2015 பிப்ரவரி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரம். பேரனைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து வந்திருந்த 57 வயதுக்காரர் காலையில் வீட்டருகே நடந்துகொண்டிருந்தார். யாரோ போலீசுக்கு போன் செய்துவிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கைகளைப் பின்னால் பிடித்துச் சோதனை போடும்போதே ஒரு போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்து வீழ்த்தினார். கழுத்தில் பலத்த காயம். உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. அந்தப் போலீஸ்காரர் குற்ற வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2021-ல் நகர நிர்வாகம் 17.5 லட்சம் டாலர் தந்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டது. பிள்ளைகள் வீட்டுக்கு ஆறு மாதம் போய்வரும் நம் பெற்றோருக்கும், போலீஸ் எப்போது தடுத்து நிறுத்தலாம், எப்போது தடவிச் சோதிக்கலாம் என்ற சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு அடிப்படை 1968-ல் வந்த 'டெர்ரி எதிர் ஒஹாயோ' தீர்ப்பு. கிளீவ்லாந்தில் இரண்டு பேர் ஒரே கடை ஜன்னலை மாறி மாறி எட்டிப் பார்த்துவிட்டு வந்து கூடிப் பேசினார்கள். இப்படியே பத்துப் பன்னிரண்டு முறை. கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று சந்தேகித்த துப்பறிவாளர், கோட்டின் மேலாகத் தடவினார். துப்பாக்கி தட்டுப்பட்ட பிறகுதான் கையை உள்ளே விட்டார். அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நிறுத்துவதற்குக் குற்றம் பற்றிய சந்தேகம் வேண்டும். தடவுவதற்கு, ஆயுதம் வைத்திருக்கும் ஆபத்தான ஆள் என்ற சந்தேகம் தனியாக வேண்டும். இரண்டையும் குறிப்பிட்ட காரணங்களைச் சொல்லி போலீசால் விளக்க முடிய வேண்டும். 'மனசுக்குப் பட்டது' என்பது போதாது.

தேடுவதும் ஆயுதத்தை மட்டுமே. 1993 வழக்கொன்றில், ஜாக்கெட் பையில் தட்டுப்பட்ட சிறு உருண்டையை போலீஸ்காரர் அழுத்தி உருட்டிப் பார்த்துப் போதைப்பொருள் என்று கண்டுபிடித்தார். அது வரம்பு மீறல் என்றது நீதிமன்றம். பெயர் சொல்லாத ஒருவர் போனில் 'அந்தப் பையனிடம் துப்பாக்கி இருக்கிறது' என்றதை மட்டும் நம்பிச் சோதித்ததும், துப்பாக்கி கிடைத்தும்கூட, 2000-ல் செல்லாமல் போனது.

இத்தனை பாதுகாப்பையும் ஒரே வார்த்தையில் இழந்துவிடலாம். 'பையைப் பார்க்கலாமா?' என்று கேட்டதும் 'ஓகே சார்' என்றால், அது சம்மதம். மறுக்கலாம் என்று போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காக்கியைக் கண்டாலே தலையாட்டிப் பழகிய நம்மவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். 'ஐ டோன்ட் கன்சென்ட்' என்று நிதானமாகச் சொல்லுங்கள். கைகள் வெளியே தெரியட்டும். அதையும் மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள், ஓடாதீர்கள். காரிலிருந்து இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

சட்டவிரோதமாக எடுத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று வக்கீல் மனுப் போடலாம். ஆனால் எதுவும் கிடைக்காத நிரபராதிக்கு அது உதவாது. அவருக்குப் புகாரும் நஷ்டஈட்டு வழக்கும்தான் வழி. அப்படிப்பட்டவர்களே அதிகம். நியூயார்க்கில் 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை போலீஸ் 44 லட்சம் முறை ஆட்களைத் தடுத்து நிறுத்தியது பற்றிய வழக்கில், தடவிப் பார்க்கப்பட்டவர்களில் ஆயுதம் சிக்கியது 1.5 சதவீதத்தினரிடம்தான் என்று தெரியவந்தது. அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2013-ல் தீர்ப்பானது.

புகார் நிற்க வேண்டுமானால் பேட்ஜ் எண், நேரம், இடம், அவர்கள் சொன்ன காரணம் எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். பக்கத்துக் கடை கேமராப் பதிவு அழிவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.