செல்லுபடியாகாத பைற்றுகளும் சரத் தரவு வகையும்

கோப்பொன்றில் எழுத்துகள் இல்லை, பைற்றுகளே உள்ளன. அவற்றை எக்குறிமுறைப்படி வாசிப்பது என்பதைச் செய்நிரலே தீர்மானிக்கின்றது. 1992இல் கென் தொம்சன், ரொப் பைக் ஆகியோர் வடிவமைத்த யூ.ரீ.எப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைற்று போதும். யூனிகோட் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றுகள் வேண்டும். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாகும் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. "ஹட்டன்" என்பது நமக்கு 4 எழுத்து. கணினிக்கு 6 குறி, அதாவது 18 பைற்று.

இச்சொல்லை 10 பைற்று கொண்ட புலமொன்றில் வெட்டிச் சேமித்தால் என்ன நிகழும்? 9 பைற்றுகளில் "ஹட்" முடிகின்றது. பத்தாவது பைற்றின் பெறுமானம் 224. இன்னும் 2 பைற்றுகள் தொடரும் என அறிவிக்கும் தொடக்கப் பைற்று அது. ஆனால் பின்னால் எதுவும் இல்லை. இதுவே செல்லுபடியாகாத குறிமுறை.

மொழிகள் இதனை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. ரஸ்ட் மொழியின் சர வகை இத்தகைய பைற்றை உள்ளே விடாது. கோ மொழியின் சரம் எந்தப் பைற்றையும் ஏற்கும். ஜாவா வழக்கமாக வழுவேதும் காட்டாமல் பதிலீட்டுக் குறியை இட்டுவிடும். பைதன் 3 வழுச் செய்தி தந்து நிற்கும். எனினும் "இக்னோர்" எனக் கூறினால் பழுதானதை நீக்கும், "ரிப்ளேஸ்" எனக் கூறினால் கேள்விக்குறியுள்ள கறுப்புச் சாய்சதுரத்தை இடும்.

வழுச் செய்தி தொல்லை என்று "இக்னோர்" இடுவோர் பலர். தோட்டமொன்றின் செக்ரோல் கோப்பில் "மாரி" என்ற பெயர் 12 பைற்றுகளில் உள்ளதெனக் கொள்க. 224, 174, 190 என்பது அதன் கால் குறி. இறுதியிலுள்ள 190 மட்டும் தொலைந்தால், "இக்னோர்" மீதி இரண்டையும் நீக்கி "மரி" எனத் தரும். வழுவின் அடையாளமே இல்லை, ஆள் மாறிவிட்டார்! சேமலாப நிதிப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால் விளக்கம் கூறி அலைபவர் தொழிலாளியே. "ரிப்ளேஸ்" பழுதான இடத்தையாவது காட்டும். ஆனால் அதன் விளைவை மூலக் கோப்பின்மேல் எழுதினால் பழைய பைற்றுகள் மீளா.

எனவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, வழு எழுந்த வரியைக் குறித்து, பெயரைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துவதே முறை. வெட்டும்போது, வெட்டுமிடத்துக்கு அடுத்த பைற்று 128 முதல் 191 வரையானதாயின் அது தொடர்ச்சிப் பைற்று. அவ்வீச்சுக்கு வெளியே வரும்வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். அப்போதும் புள்ளிக்கு முன் வெட்டினால் "ஹட்" என்பது "ஹட" ஆகிவிடும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகள் இவ்வகையைச் சேரா. அவற்றில் பெரும்பாலும் இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய பைற்றுகள், அவை செல்லுபடியானவை. ஆதலால் பைதன் வழு காட்டாது, தமிழும் தெரியாது. அவற்றுக்கு எழுத்துரு மாற்றி தேவை.