டீச்சர் ஏன் போறாங்க?



போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு செய்தி கிளம்பியது. "கணக்கு டீச்சர் இந்த வருசத்தோட போறாங்களாம்." முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. தட்டு கழுவி முடிப்பதற்குள் அது வளர்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பண்ணுகிற சேட்டை தாங்காமல் டீச்சரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றது ஒரு கூட்டம். டவுனில் இடம் கிடைத்துவிட்டது, இனி நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் என்றது இன்னொரு கூட்டம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழுதது. நானும் அழுதிருப்பேன். பெரிய வகுப்பு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நேராக டீச்சரிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கே தெரியாதும்மா, எச்.எம். ஐயாகிட்ட கேளு" என்றார். எச்.எம். ஐயா அறை வாசலில் போய் நின்றேன். கால் நடுங்கியது உண்மை. ஆனால் ஐயா திட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு அரை மணி நேரம் விளக்கிச் சொன்னார். "இதை எல்லாருக்கும் சொல்லு, சுவர் இதழ்ல எழுது" என்றும் சொன்னார். அதனால் இந்த மாதம் நான் போட வேண்டிய கோலப் பக்கம் இல்லை. கோலம் எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நம்மை விட்டுப் போக நாலு காரணம்தான் பெரும்பாலும் இருக்கும். ஓய்வு, பதவி உயர்வு, மாறுதல், பணிநிரவல். பதவி உயர்வைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது சந்தோஷமான விஷயம், ஸ்வீட் கொடுப்பார்கள். மற்ற மூன்றும்தான் நமக்குப் புரியாமல் குழாயடியில் கதையாகிறது.

முதலில் நம் தமிழ் ஐயா. ஐயாவுக்கு ஜனவரி மாதமே அறுபது முடிந்துவிட்டது. "அப்புறம் ஏன் இன்னும் வர்றாரு?" என்று பல பேர் கேட்டீர்கள். வருசத்தின் நடுவில் ஒருவர் ஓய்வு பெற்றால் பிள்ளைகளின் படிப்பு கெடும் இல்லையா? அதற்காக அந்தக் கல்வியாண்டு முடியும் வரை அவரையே அங்கேயே மறுநியமனம் செய்கிறார்கள். ஆக ஐயா இப்போது வருவது அந்தக் கணக்கில். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் ஓய்வு வயது முன்பு 58 ஆக இருந்தது. 2020-ஆம் ஆண்டு 59 ஆக்கினார்கள். 2021-ல் 60 ஆக்கினார்கள். பழைய விதியே இருந்திருந்தால் ஐயா நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே போயிருப்பார். எனக்கு யாப்பு இலக்கணம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ!

அந்த 60 வயது அறிவிப்பு வந்தது 2021 பிப்ரவரி 25. அதே நாளில்தான் கொரோனாவுக்காக 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் என்றும் அறிவித்தார்கள். எங்கள் பெரியப்பா மகன் அப்போது ஒன்பதாவது. பரீட்சையே எழுதாமல் பத்தாவது போனதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவான். நமக்கு அதெல்லாம் கிடையாது, எட்டாவதோடு ஆல் பாஸ் முடிந்தது. படித்துத்தான் ஆக வேண்டும்.

ஐயா வகுப்பில் ஒரு வேடிக்கை சொன்னார். அந்தக் காலத்து ஆட்கள் நிறையப் பேருக்குச் சான்றிதழில் பிறந்த நாள் மே, ஜூன் மாதமாகவே இருக்குமாம். பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்டுவிட்டால் வாத்தியாரே ஜூன் மாதத்துக்கு அஞ்சு வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதி போட்டுவிடுவாராம். எங்கள் அப்பத்தா, "எனக்கு அந்தத் தேதியும் இல்ல, காதைத் தொடவும் யாரும் கூப்பிடல" என்றது. அது வேறு கதை.

அடுத்து மாறுதல். இதற்கு எடுத்துக்காட்டு நம் இங்கிலீஷ் டீச்சர். (அவரிடம் கேட்டு அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.) அவர் காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறார். வீட்டில் மூன்று வயசுப் பிள்ளை தூங்கும்போதே கிளம்பிவிடுகிறார், அது எழுந்து அம்மா எங்கே என்று கேட்குமாம். அவர் மாறுதல் கேட்டால் நம்மைப் பிடிக்கவில்லை என்றா அர்த்தம்?

கேட்டவுடனே கிடைத்துவிடாது. மாறுதல் கலந்தாய்வு என்று ஒன்று நடக்கும். பெரும்பாலும் கோடை லீவை ஒட்டி, சில வருசம் தள்ளியும் போகும். விண்ணப்பத்தை இப்போது எமிஸ் இணையதளம் வழியாகப் போடுகிறார்கள். எந்தெந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு இடம் காலி என்று ஒரு பட்டியல். யார் யார் கேட்கிறார்கள் என்று முன்னுரிமைப்படி ஒரு பட்டியல். கண் பார்வை இல்லாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தவர்கள், ராணுவத்தில் இருப்பவர்களின் மனைவியர் போன்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பெயர் கூப்பிடும்போது மிச்சம் இருக்கிற இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த இடம் நமக்கு முன்னால் இருப்பவருக்குப் போய்விட்டால் போனதுதான். நம் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சுக்கு நடக்கிற சண்டை மாதிரி, ஆனால் வரிசையாக. ஆணை வந்ததும் எச்.எம். இங்கே பணியிலிருந்து விடுவிப்பார், அங்கே போய்ச் சேர வேண்டும். இதற்கு 'ரிலீவ் ஆகறது' என்று சொல்கிறார்கள்.

இதில் நம்மைப் போன்ற ஊருக்கு ஒரு தொல்லை. பஸ் குறைவான ஊரில் காலியாகும் இடத்தை யாரும் எடுக்காமலேயே விட்டுவிடலாம். 2022-ல் அப்படிக் காலியான இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது மாதம் 10,000 ரூபாய். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பிள்ளைகளின் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் அம்மா அந்தக் குழுவில் இருந்தால், கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். கையெழுத்து போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் அம்மாவும்தான்.

இப்போது கணக்கு டீச்சர் விஷயம். அதற்குப் பெயர் பணிநிரவல்.

ஒரு பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருக்கலாம் என்பது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் எல்லாரும் நம்மை இன்னும் 'யூனியன் பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்கிறார்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியாக இருந்துதான் உயர்நிலைப் பள்ளி ஆனோம். அப்போது ஆறாவதிலிருந்து எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தொடக்கப் பள்ளியாக நிற்கிறது. புரிவதற்கு அந்தப் பக்கத்தை வைத்தே சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 60-க்கும் 61-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அது வந்தால் ஒரு டீச்சர். வராவிட்டால் இரண்டு பேரே அஞ்சு வகுப்பையும் பார்க்க வேண்டும்.

நம் பக்கம் ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நம்மிடம் கணக்குக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இரண்டாவது இடம் தேவையில்லை என்று ஆகிவிடும். அப்போது அந்தப் பாடத்தில் பணியில் இளையவர் யாரோ அவர் 'உபரி'. உபரி என்றால் மிச்சம் என்று அர்த்தம். ஆள் பற்றாத வேறு பள்ளிக்கு அவரை அனுப்புவார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கணக்கு வேண்டும், அதனால் இதை முழுக்க அநியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் தசமத்தைக் கண்டாலே ஓடிக்கொண்டிருந்த என்னை இயற்கணிதம் வரை கொண்டுவந்த ஒருவரை 'மிச்சம்' என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல் போட்டிருக்கலாம்.

ஆனால் இதைக் கவனியுங்கள். அந்த எண்ணிக்கையை இப்போது எடுப்பதில்லை! ஆகஸ்ட் 1-ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. ஆகவே டீச்சர் போவது இன்னும் முடிவாகவே இல்லை. குழாயடிச் செய்தி பாதிதான் உண்மை. அந்தப் பக்கம் அஞ்சாவதில் இந்த வருசம் பிள்ளைகள் குறைவு, அதனால் அடுத்த வருசம் நம் ஆறாவது சிறுத்துவிடும் என்று யாரோ பேசியது இப்படிப் பரவியிருக்கிறது. ஒன்பதாவது பையன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. (இந்த விஷயத்தில் மட்டும்.)

இதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்தால், ஆபீஸ் வராந்தாவில் என் பெஞ்சுக்காரி நிற்கிறாள். கையில் டி.சி. கேட்டு எழுதிய காகிதம், அவளுக்கு ஒன்று, ஏழாவது படிக்கும் அவள் தம்பிக்கு ஒன்று. அவள் அப்பா அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். இங்கே வயலும் இல்லை, வேலையும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். அவளைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது "ஐயோ, ரெண்டு குறையுதே" என்பதுதான். ஆறாவதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவளை நான் எண்ணிக்கையாகப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

"நீ அங்க போய்ப் படிப்பியா, இல்ல கம்பெனிக்கா?" என்று கேட்டேன். "தெரியல. அம்மா படின்னுதான் சொல்லுது" என்றாள். அதனால் அவளுக்காகவும், அவளைப் போல ஊர் மாறுகிற மற்றவர்களுக்காகவும் ஆபீஸ் சாரிடம் கேட்டு வந்ததை எழுதுகிறேன். டி.சி. வாங்காமல் போகாதீர்கள். வாங்கியதும் எமிஸில் உங்கள் பெயர் இந்தப் பள்ளியிலிருந்து காமன் பூலுக்குப் போகும், புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எண் மாறாது, எமிஸ் எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வரை படிக்கிற பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது, அதுவும் அதே 2009 சட்டத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அங்கேயும் அரசுப் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நடுவில் இரண்டு வருசம் இங்கிலீஷ் மீடியம் ஆசையில் தனியார் பள்ளிக்குப் போனால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். இதைச் சொன்னதும் அவள் கேட்டாள், "அப்ப திருப்பூர்ல அரசுப் பள்ளி எங்க இருக்குன்னு யார்கிட்ட கேக்குறது?" எச்.எம். ஐயா, ஊர் தெரு சொன்னால் எமிஸில் பார்த்துப் பள்ளிப் பெயர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு அவள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னோம்.

மற்ற வருசக் கடைசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சார்ட்டில் இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. பத்தாம் வகுப்பு அக்கா அண்ணன்களின் பிரிவு உபசார விழா முடிந்துவிட்டது, குரூப் போட்டோவில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். நூலகப் புத்தகம் வைத்திருப்பவர்கள் பரீட்சை தொடங்கும் முன் கொடுத்துவிடவும். அறிவியல் ஆய்வகத்தில் இரண்டு சோதனைக் குழாய் குறைகிறது, உடைத்தவர்கள் சொன்னால் டீச்சர் திட்ட மாட்டார், நான் கேட்டுவிட்டேன். பெஞ்சில் காம்பஸால் பெயர் செதுக்கியவர்கள் கடைசி நாளில் உப்புத்தாள் கொண்டு வரவும். யார் யார் என்று பெயரே எழுதியிருக்கிறது, கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

தமிழ் ஐயாவுக்குச் சால்வை, மாலை எல்லாம் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் ஒரு கையெழுத்துப் புத்தகம் கொடுக்கப் போகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம், ஐயா வகுப்பில் நடந்த ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். கவிதை எழுதினால் ஐயா தளை தட்டுகிறதா என்று பார்ப்பார், ஜாக்கிரதை. என் பெஞ்சுக்காரி ஊருக்குப் போகுமுன் முதல் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மீதிப் பேர் கோடு போடாத வெள்ளைத்தாளில், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுக்கவும். தைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி