ஏரிக்கரைக்கு ஒரு வாசல்!

மழை விட்டதும், ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே மண்ணால் அணை கட்டி விளையாடியிருக்கிறீர்களா? நான் ஆசிரியராக இருந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தில் இதுதான் விளையாட்டு. ஐந்தே நிமிடத்தில் அணை நிரம்பும். தண்ணீர் மேலே வழியும். அவ்வளவுதான், அணை கரைந்து ஓடிவிடும்!

ஏரிக்கரையும் மண்தானே? அது மட்டும் எப்படி நிற்கிறது?

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர்! மேட்டிலிருந்து அது மொத்தமாகப் பாய்ந்து வந்தால், பள்ளத்தில் உள்ள வயலும் வீடும் என்னாகும்? அதனால்தான் நம் முன்னோர் சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு வெள்ளத்தைத் தேக்கினார்கள். வெள்ளமும் தணிந்தது, பயிருக்குத் தண்ணீரும் கிடைத்தது. தமிழ்நாட்டில் இப்படி ஏரி, கண்மாய் எனச் சுமார் 39 ஆயிரம் இருப்பதாகக் கணக்கு.

கரைக்கான மண்ணை ஒரேயடியாகக் கொட்டிவிட மாட்டார்கள். அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரமாக்கி, கெட்டிப்படுத்துவார்கள். கரை அடியில் அகலமாகவும் உச்சியில் குறுகலாகவும் இருக்கும். ஏன் தெரியுமா? ஆழம் கூடக் கூடத் தண்ணீர் தள்ளும் அழுத்தமும் கூடும். அலை அரிக்காமலிருக்க உட்புறம் கல் பதிப்பார்கள். மழை கரைக்காமலிருக்க வெளிப்புறம் புல் வளர்ப்பார்கள்.

இவை மட்டும் போதாது. மண்கரையின் உயிர் 'கலிங்கல்'! கரையின் உச்சியைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய வாசல் இது. ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் இதன் வழியாக அடுத்த ஏரிக்குப் போய்விடும். கரையின் தலைமேல் ஏறாது.

இந்த வாசலை அடைத்தால்? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இருந்தது. உயரம் 72 அடி. அதன் ஏரியைப் பணக்காரர்களின் சங்கம் ஒன்று வாங்கியது. மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று, உபரிநீர் போகும் வழியில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழை. கிளைகளும் குப்பைகளும் தடுப்பில் சிக்கின. தண்ணீர் கரைமேல் வழிந்தது, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றிலும் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில மீன்களுக்காக எவ்வளவு பெரிய விலை!

எலி வளையும் நண்டு வளையும்கூடக் கரைக்குப் பகைதான். கரையின் வெளிப்புறம் கலங்கலாகத் தண்ணீர் கசிந்தால் ஆபத்து. உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். அதைக் கண்டால் கிட்டே போகாமல், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். கலிங்கலிலும் ஓடையிலும் குப்பை போடாதீர்கள்.

அடுத்த மழைக்கு உங்கள் மண் அணையின் ஓரத்தில், உச்சியைவிடச் சற்றுத் தாழ்வாக, ஒரு வாசல் வையுங்கள். அங்கே தட்டையான கல் ஒன்றைப் பதியுங்கள். இந்தமுறை அணை எவ்வளவு நேரம் நிற்கிறது? எண்ணிப் பாருங்களேன்!