புகார் நகரில் வாசகரே வழி தேடலாம்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரைத் தெருத் தெருவாகக் காட்டுகிறது. கடலோரம் மருவூர்ப்பாக்கம், மேற்கே பட்டினப்பாக்கம், நடுவே மரத்தடியில் நாளங்காடி. பிறகு ஐந்து மன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. வெள்ளிடை மன்றத்தில் பொதி திருடியவன் அதைத் தலையில் சுமந்தபடி சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். அரசன் நீதி தவறினால் பாவை மன்றத்துச் சிலை கண்ணீர் விடும்.

கணினியில் ஊடாடும் கதை எழுத வருகிறவருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. எங்கே போவது, எதைச் செய்வது என்று வாசகர் முடிவெடுக்க, அதற்கேற்பக் கதை திரும்பும். இதுதான் ஊடாடும் கதை. 1976-இல் வில் க்ரௌதர் ஒரு குகையை வைத்து எழுதிய 'அட்வெஞ்சர்' இவ்வகைக்கு முன்னோடி. இன்று இதை எழுதக் கட்டற்ற மென்பொருள்களே போதும். காசு கொடுக்க வேண்டாம். மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

தொடங்க ஏற்றது ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்டது. ஒவ்வொரு காட்சியையும் ஒரு பெட்டியில் எழுதி, [[நாளங்காடிக்குப் போ]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் போதும். அந்தப் பெயரில் புதுப் பெட்டி தோன்றி, அம்புக்குறியும் விழும். வெள்ளிடை மன்றத்தை இதில் அமைப்பது எளிது. பொதி கையில் இருக்கும்வரை எல்லா இணைப்புகளும் அதே பெட்டிக்குத் திரும்பட்டும். பாவை மன்றத்துக்கு மட்டும் ஒரு மாறி வேண்டும்: வாசகர் முன்பு சொன்ன தீர்ப்பை அது நினைவில் வைத்திருந்து, பிறகு அவர் அவ்வழியே வரும்போது சிலையை அழவைக்கும்.

முடிந்த கதை ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டால், பிறகு இணையம் இல்லாதபோதும் கைபேசியின் உலாவியில் திறக்கும். எழுத்தைக் காட்டுவது உலாவி என்பதால் தமிழ் உடைவதில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு இதுவே பெரிய உதவி என்பேன்.

கிரஹாம் நெல்சன் 1993-இல் உருவாக்கிய இன்ஃபார்ம் வேறு வகை. வாசகர் தட்டச்சு செய்யும் கட்டளையை அது புரிந்துகொள்ள வேண்டும். 'சிலம்பை எடு', 'சிலம்போடு போ' என வேற்றுமை உருபு மாற மாறச் சொல்லும் மாறும் தமிழில் அது கடினமான வேலை. ஆனால் இன்ஃபார்ம் 7-இன் மூலநிரல் 2022 முதல் திறந்தே இருக்கிறது. தமிழ் இலக்கணமும் நிரலும் அறிந்தவர்கள் கைவைக்கலாம். படங்களோடு கதை சொல்ல ரென்பை இருக்கிறது. இங்க் என்ற கதைமொழியும் 2016 முதல் கட்டற்றது.

பூம்புகாரில் 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதையைக் கல்லில் வரிசையாகப் பார்க்கலாம். அங்கே போய்வரும் மாணவர்கள் அந்தக் கதையை மாற்றி எழுத அவசரப்பட வேண்டாம். முதலில் ஐந்து மன்றங்களை ஐந்து பெட்டிகளாக எழுதட்டும். கோவலன் வாங்க மறுத்த மாதவியின் கடிதத்தை வாசகர் கையில் கொடுப்பது அதற்கடுத்த வேலை.