துறைமுகம் தந்த வெள்ளிக் காசுகள்: பிறநாட்டு நாணயம் சேகரிக்க விரும்புவோர்க்கு

பொழுதுபோக்குகள் பலவற்றுள் முத்திரை சேகரிப்பதும் நாணயம் சேகரிப்பதும் மாணவர்க்கு மிகவும் ஏற்றவை. முத்திரை கண்ணால் கண்டு மகிழ்வதற்கு உரியது. நாணயமோ கையில் எடுத்து நிறுத்துப் பார்ப்பதற்கும் உரியது. அதிலும் வெள்ளி நாணயம் தன் பெறுமதியைத் தன் உலோகத்திலேயே கொண்டிருந்தமையால், அச்சிட்ட அரசனை அறியாத நாடுகளிலும் செல்லுபடியாயிற்று. இத்தகைய நாணயங்களின் வரலாற்றைக் கற்கத் திருக்கோணமலையைப் போன்ற இடம் நம் நாட்டில் அரிது.

இத்துறைமுகத்தை நாடி வந்த கொடிகள் பல. 1620களில் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர்; 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் ஒரே வருடத்துள், சனவரியில் ஆங்கிலேயரிடமும் ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரானிடமும் அது கைமாறியது. பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795இல் மறுபடி ஆங்கிலேயர் வசமாயிற்று. பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது 1957இலேயாகும். கொடிகள் மாறுந்தோறும் காசும் மாறியது.

எவ்வெக் காசுகள்?

பாரசீகத்து லார் நகரின் பெயரால் வழங்கிய ‘லாரின்’ என்பது வட்டமான காசு அன்று. ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள வெள்ளிக் கம்பி. இலங்கையில் அதனைத் தூண்டில் முள்ளைப்போல் வளைத்து வழங்கினர். மெக்சிக்கோ முதலிய இடங்களில் ஸ்பானியர் அச்சிட்ட ‘எட்டு றியால்’ காசு, ஏறத்தாழ 27 கிராம் எடையுடன் உலகெங்கும் உலாவியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அச்சிட்ட சிறு வெள்ளிக் காசில் ஒருபுறம் மகுடமும் மறுபுறம் லில்லி மலர்களும் காணப்படும். ஐரோப்பியர் அதனை ‘பனம்’ என்றும் ‘பனோன்’ என்றும் எழுதினர். அது நம்முடைய ‘பணம்’ என்ற சொல்லேயாகும்.

அரபுக் கரைகளிலும் எதியோப்பியாவிலும் பெருவழக்காய் இருந்தது ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் தாலர். பேரரசி 1780இல் காலமானார். அதன் பின்னரும் அவ்வாண்டையே பொறித்துக் காசு தொடர்ந்து அச்சிடப்பட்டது. வணிகர்கள் பழகிய முகத்தையே நம்பியதுதான் காரணம். ஆகவே 1780 என்ற ஆண்டைக் கண்டதும், மிகப் பழைய காசு கிடைத்துவிட்டது என்று எண்ணி ஏமாறலாகாது.

ஆங்கிலேயர் இலங்கைக்கென 1821இல் அச்சிட்ட வெள்ளி றிக்ஸ்டொலரில், ஒருபுறம் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் மறுபுறம் யானையும் பொறிக்கப்பட்டுள்ளன.

தொடங்கும் முறை

கண்ட காசையெல்லாம் வாங்குவது சேகரிப்பு ஆகாது. முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ‘நம் துறைமுகத்தை ஆண்ட ஒவ்வொரு நாட்டினதும் ஒரு வெள்ளிக் காசு’ என்பது மாணவனுக்கு நல்ல எல்லையாகும். அரிய காசுகள் கைக்கு எட்டாதவை. ஆகையால் எளியவற்றிலிருந்து தொடங்குக.

பிரித்தானியர் காலத்து இலங்கை ஐம்பது சதக் காசு 1892 முதல் 1942 வரை வெள்ளியில் வெளிவந்தது. 1917 வரையிலான காசுகளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1919 முதல் 55 பங்கு மட்டுமே. கடற்படை மாலுமிகளின் நாட்டுச் சில்லிங்கும் 1920இல் 92½ பங்கிலிருந்து 50 பங்காயிற்று. 1947இல் வெள்ளி அறவே நீங்கியது. இரு காசுகளை அருகருகே வைத்தால் முதல் உலக யுத்தத்தின் பின்விளைவு கையிலேயே தெரியும்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பியோரின் பெட்டகங்களில் நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி டொலர் கிடைத்தல் கூடும். 1903இல் அது ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளது; 1907இல் 20 கிராம்; 1919இல் 17 கிராமுக்கும் குறைவு. வெள்ளியின் விலை ஏறியபோது, காசைச் செலவழிப்பதினும் உருக்கி விற்பதே இலாபமாயிற்று. அதைத் தடுக்கவே அரசினர் எடையைக் குறைத்தனர்.

மெய்யும் போலியும்

விலையுயர்ந்த காசுகளுக்குப் போலிகள் மிகுதி. காந்தம் வெள்ளியை இழுக்காது. எனினும் காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி அன்று. சிறந்த சோதனை ஆர்க்கிமிடீசு காட்டிய வழியே. காசை நூலிற் கட்டி, முதலில் காற்றிலும் பின்னர் நீரில் அமிழ்த்தியும் நிறுத்துப் பார்க்கவும். 27 கிராம் எடையும் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளியும் உள்ள டொலர், நீரில் ஏறத்தாழ 2.6 கிராம் எடை குறையும். அதே எடையுள்ள செப்பு–நிக்கல் போலியோ 3 கிராம் அளவு குறையும். பாடசாலை ஆய்வுகூடத்துத் தராசு இதற்குப் போதுமானது.

துலக்குதல் தீது

கறுத்த காசைக் கண்டதும் புளியும் சாம்பலும் எடுப்பது நம் வீட்டு வழக்கம். குத்துவிளக்குக்கு அது தகும், பழங்காசுக்குத் தகாது. தேய்க்கத் தேய்க்க எழுத்தும் உருவமும் மழுங்கும், மதிப்பும் குறையும். கந்தகம் பட்டே வெள்ளி கறுக்கிறது. ஆதலால் இரப்பர் வளையம், கம்பளி, செய்தித்தாள் ஆகியவற்றை அண்ட விடலாகாது. மலிவான பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் கசிந்து கேடு செய்யும். கடற்காற்று வீசும் ஊர்களில், ஈரம் புகாத பெட்டியில், அமிலம் கலவாத கடதாசி உறையில் வைப்பதே நன்று. காசின் முகத்தைத் தொடாது விளிம்பைப் பிடித்து எடுக்கப் பழகுதல் வேண்டும்.

கடல் கற்பித்த பாடம்

1956இல் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் அடியில், கடலுள் மூழ்கி, பழங்கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவர் மைக் வில்சன். 1961இல் அவரும் இரு சிறுவர்களும் தென்கடலில், சிங்கள மக்கள் மகா இராவணக் கோட்டுவ என்று அழைக்கும் பாறைத்தொடரில், உடைந்த கப்பலொன்றைக் கண்டனர். வெள்ளி ரூபாய்கள் அங்கே கட்டிகட்டியாய் இறுகிக் கிடந்தன. அவை ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்டவை. பொறித்த ஆண்டு ஹிஜிரி 1113, அதாவது கி.பி. 1701–1702. அவ்வாண்டைக் கொண்டே கப்பல் எக்காலத்தது என்று அறிய முடிந்தது. ஆர்தர் சி. கிளார்க் இதனை 1964இல் நூலாக வெளியிட்டார். அக்காசுகள் கிடந்த இடம் தெரியாமல் கடைவீதியில் ஒவ்வொன்றாய் விற்கப்பட்டிருந்தால் அக்கப்பலின் கதை நமக்குக் கிட்டியிராது.

மண்ணிலோ கடலிலோ பழங்காசு கண்டெடுத்தால் அது கண்டவரின் சொத்து அன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி அது அரசுக்கு உரியது. அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. அனுமதியின்றிப் பழங்காசைப் பிறநாட்டுக்கு அனுப்புவதும் குற்றமாகும்.

இப்பொழுதே செய்ய வேண்டியது

போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் கிழக்குக் கரைக் குடும்பங்கள் பல தம் பெட்டகங்களை இழந்தன. எஞ்சிய காசுகளோ வெள்ளி விலை ஏறுந்தோறும் தட்டாரின் உலைக்குப் போகின்றன. உருகிய காசு ஒருநாளும் திரும்ப வராது. ஆகவே மாணவர்கள் முதலில் செய்யத்தக்கது காசு வாங்குவது அன்று. வீட்டு மூத்தோரிடம் சென்று, இருக்கும் காசுகளைக் காட்டும்படி கேட்பதே. ஒவ்வொன்றின் எடை, விட்டம், ஆண்டு ஆகியவற்றோடு, அதனைக் கொணர்ந்தவர் யார், எந்தக் கப்பலில், எந்த வேலைக்குப் போய் வந்தார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கவும். முன்னவற்றைக் காசைப் பார்த்து எவரும் பின்னர் அறியலாம். பின்னவற்றைச் சொல்ல வல்லவர் பாட்டனாரும் பாட்டியாரும் மட்டுமே.